ஜெயராஜ் அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும்

மாதா கோயிலில் பாடற்குழுவுக்காக வயலினைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மணி, சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பிலோக்கா, ஜெயராஜ் அண்ணாத்தே பூட்டாரு. காலீல நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தாராம், அவ்ளோதான்."

வயலினை எங்கே வைத்தேன், எப்படி பஸ் ஏறினேன், எதுவும் நினைவில்லை. அண்ணன் வீடு இருக்கும் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இறங்கிய பிறகுதான் செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது.

பந்தலில் எங்கள் பழைய மெல்லிசைக் குழு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "தங்கமான மனுசன். ஆனா பாவம், அந்த கீபோர்டு மட்டும் கடசி வரிக்கும் அவருக்கு வரல" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணனை அறியாதவர்களும் படிக்கட்டும்.

அண்ணன் ஆவடியில் ஃபேக்டரி ஃபிட்டர். சாயங்காலமானால் எங்கள் குழுவில் ஆர்மோனியம். நான் அதே குழுவில் வயலின். கல்யாணம், ஆடி மாதக் கச்சேரி, கிறிஸ்துமஸ் விழா என்று மாங்காட்டிலிருந்து அம்பத்தூர் வரை சுற்றுவோம். அவருக்கு அது ஆசை, எனக்கு அதுதான் சோறு. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. எங்களுக்கு வேறு நாதி கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் பழைய சிந்தசைசர் கீபோர்டு ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிவந்தார். குழுத் தலைவருக்கு வாயெல்லாம் பல். "இதுலயே வயலினும் வருமாமே? பழகிக் காட்டு ஜெயராஜ். வந்துச்சுன்னா தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்று என் எதிரிலேயே கேட்டார். மறுநாள் அண்ணன் அந்த மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டாபிராமில் என் வீட்டு வாசலில் நிற்கிறார்!

"என் வயித்துல அடிக்க என் ஊட்டுக்கே வர்றீங்களா?" என்றேன்.

"உனுக்குத் தெரியாம கேசட்டு கேட்டுத் திருடறதவிட, உன்னாண்டயே கேட்டுக் கத்துக்கறதுதான் மரியாத பிலோ."

வேண்டாவெறுப்பாக வில்லை எடுத்தேன்.

மெஷினில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் நான்கு இருந்தன. எதைத் தள்ளினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வயலின் என்று அது எழுப்பிய சத்தம், விரல் பட்டதும் முட்டவருகிற மாடு மாதிரி பாய்ந்தது. விரலை எடுத்ததும் கத்தரித்தாற்போல் நின்றது. "உன் வில்லு இப்டியா பண்ணுது?" என்று தலையைச் சொறிந்தார்.

ஒருநாள் மாலை, காற்று வாக்கில் ஃபேக்டரிச் சங்கு கேட்டது. வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கையமர்த்தினார்.

"கேளு. மெதுவா ஏறுது. ஏறி, துளி எறங்குது. அப்டியே நிக்குது. நிறுத்தனப்பறமும் இழுத்துகினு அடங்குது. நாலு குமிழும் இதான் பிலோ! இத்தினி வருசமா தெனம் கேட்டுகினு கீறேன், மண்டையில ஏறல பாரு!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சுத்தியல் அடித்தால், எடுத்த எடுப்பில் உச்சம், உடனே சாவு. ஆர்மோனியம் விரல் இருக்கும்வரை நிற்கும். அம்மாவின் இருமலைக்கூட நான்காகப் பிரித்துச் சொல்லி அம்மாவையே சிரிக்கவைத்தார். "சுதி ஒண்ணுதான். எப்டி பொறக்குது, எப்டி நிக்குது, எப்டி போவுதுன்றத வெச்சிதான் இது வயலினு, அது கோயில் மணின்னு தெரியுது" என்பார். என் வில் தந்தியில் பதிகிற அந்த நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஓசை எவ்வளவு மெதுவாக எழ வேண்டும் என்று சொல்லும் முதல் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினில் வயலின் வந்தேவிட்டது. என் வாசிப்பேதான், என் இழுப்பேதான். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அழகாகவும் இருந்தது, கூடவே அம்மா படுத்திருந்த கட்டில் பக்கம் கண் போனது. என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஒத்திகை அன்று தலைவர் முன்னால் வாசித்தார். விரல் பட்டு நெடுநேரம் கழித்துத்தான் ஓசை எழும்பியது. தபலா ஒரு பக்கம், பாடுகிறவர் ஒரு பக்கம் என்று எல்லாரும் தடுமாறினார்கள்.

"இன்னாய்யா இது, ஆஸ்துமாக்காரன் மூச்சு மாரி கீது?" என்றார் தலைவர்.

"எனுக்கு அவ்ளோதான் சார் வருது" என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் குமிழ் உச்சியில் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

ஒத்திகை முடிந்து, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவரை மடக்கினேன். "மொத குமிழ அவ்ளோ மேல ஏத்தினது யாருண்ணே?"

"கை பட்டுருக்கும்."

"யாராண்ட கத வுடறீங்க?"

ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சங்கு ஊதுனா எனுக்கு சோறு கீது பிலோ. உனுக்கு இன்னா கீது? நான் கீற வரிக்கும் இத யாராண்டயும் சொல்லாத."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த வருடமே, மெஷின் வாசிக்கத் தெரியாதவர் என்று அவரைக் கழற்றிவிட்டார்கள். மனிதர் பிறகு மேடை ஏறவேயில்லை. புதிதாக வந்த கீபோர்டுக்காரரிடமும் தலைவர் வயலின் கேட்கவில்லை. மெஷினில் அது வராது என்றே நம்பிவிட்டார். அம்மாவின் கடைசி நாள் வரை நான் அந்தக் குழுவில் வாசித்தேன். அம்மாவுக்கு மருந்தும் கஞ்சியும் ஒருநாளும் குறையவில்லை.

நேற்று சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், அண்ணன் மனைவி ரோஸி அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவருக்கு வாசிக்கத் தெரியும் அண்ணி. எனக்காகத்தான்…"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கா தெரியாது? ஷிப்டு முடிஞ்சி வந்தா உள்ரூம்ல குந்திகினு அதத்தான் வாசிப்பாரு. எத்தினி வாட்டி, நீதான் வந்துகீறன்னு நெனச்சி உனுக்கும் சேத்து காபி கலந்துகீறேன் தெரியுமா?"

நல்லா வாசிச்சீங்கண்ணே. போயிட்டு வாங்க.