மாம்புரியில் ஒரு தேன்பெட்டி

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியபோது மஸாஹிருக்குப் பதினொரு வயது. 2014இல் அவர் மாம்புரியில் வள்ள எஞ்சின் திருத்துபவர். எதையும் கழற்றிப் பார்த்தால் பிடிபட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்தத் துணிச்சலில்தான் வீட்டுப் பின்வளவில் தேனீ வளர்க்கத் தேன்பெட்டி வைத்தார். வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வேலிக்கு அப்பால் ஜபாரின் பாகல் தோட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் வைத்து தான் பூசியிருந்த அத்தரை ஜபாரின் புறங்கையிலும் தடவிவிட்டார் மஸாஹிர்.

"நானா, மருந்தடிக்கிறத பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் தள்ளுங்களன். தேன்பூச்சியெல்லாம் பெட்டிக்குத் திரும்பினதும் வாசலை அடைச்சிருவன்."

"அத்தரப் பூசி அலுவல் பாக்குறியா? பின்னேரம் காத்து தூக்கும். மருந்து கடலுக்குத்தான் போகும். இப்பவே அடிக்கணும்."

ஜபார் தோட்டத்துக்கு வந்து மருந்து டாங்கியை முதுகில் மாட்டினார். மஸாஹிர் உடுப்புக்கூட மாற்றாமல் கம்பிவலைத் துண்டுடன் பெட்டிக்கு ஓடினார். வெளியே போனவை செத்தாலும் ராணியும் உள்ளே இருப்பவையும் மிஞ்சட்டும்.

வலையை வாசலில் வைக்கக் குனிந்தார். இரைச்சல் மாறியது. அத்தர் பூசிய மணிக்கட்டில் முதல் கொட்டு விழுந்தது. அடுத்து கழுத்தில், காதடியில். வலை கைநழுவியது.

"அத்தரோடயா பெட்டிக்குக் கிட்டப் போனீங்க?" குசினி வாசலில் நின்ற மனைவி கமீலா கேட்டாள். "பெட்டி தந்த மனுசன் என்ன சொன்னார்? சவுக்காரம்கூட மணக்கக்கூடாதெண்டெல்லோ."

அதற்குள் கூட்டம் வேலியைக் கடந்துவிட்டது. அங்கேயும் அதே அத்தர் மணந்தது. ஜபார் டாங்கியைப் போட்டுவிட்டு, சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேலியோரம் வந்தபோது ஜபாரின் ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது.

"நாளைக்கு விடிய மருந்தடிப்பன். பெட்டி இங்க இருந்தா அதுக்கும் சேத்துத்தான்."

"மாப்புச் செய்யுங்க, நானா. பிழை என்னோடதான். பூச்சி என்ன செய்யும்?"

"பூச்சிய ஆரு குறை சொன்ன?" என்று உள்ளே போனார் ஜபார்.

மஸாஹிர் வெறும் தண்ணீரில் இரண்டு தரம் குளித்தார். பொழுதுபட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு வலையை வாசலில் வைத்து இறுக்கினார். ஒன்றும் கொட்டவில்லை. கமீலா ஓட்டோவில் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் ஜபார் மருந்தடித்தார். பெட்டி பள்ளிவாசல்துறை என்ற ஊரில், கமீலாவின் தம்பி வீட்டுத் தென்னைகளுக்கு நடுவே இருந்தது.