பீர்க்கங்காய் நாரும் நாலு சப்பாத்தியும்

ஒரு வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் மகளின் கழுத்தை நான் தேய்த்தேன். முதலில் பயத்தமாவு. அது பலிக்கவில்லை என்றதும் எலுமிச்சம்பழ மூடி. அதுவும் பலிக்காமல் பீர்க்கங்காய் நாரைக் கையில் எடுத்தேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. நானோ பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை காலை முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் நகம், காலர், காது மடல் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அட்டெண்டன்ஸே எடுப்பேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் அழுக்குக் கழுத்தா என்று எனக்கு மானம் போனது.

"ம்மா, எரியுதும்மா!"

"எரியட்டும். ஒழுங்கா குளிச்சிருந்தா இப்ப எரியுமா?"

"தெனமும் குளிக்கிறேன்மா. சோப்பு போட்டுத்தான் தேய்க்கிறேன்."

"சோப்புக்குப் போற அழுக்கா இது?"

ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர், "விடேன், தோலையே உரிச்சிடப் போற," என்பார். "நீங்க சும்மா இருங்க" என்பது என் பதில். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் விடியும்.

கறுப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான் சிவந்து போனது. மகள் சட்டைக் காலரை மேலே இழுத்து விட்டுக்கொள்ளப் பழகினாள். ஆண்டு விழா டான்சில் சேர்ந்தவள் நாலே நாளில் கால் வலி என்று நின்றுவிட்டாள். சோம்பேறி என்று அதற்கும் திட்டினேன். டான்சுக்குத் தைத்த ஜாக்கெட்டின் கழுத்து பின்னால் இறக்கமாக இருந்ததுதான் காரணம் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

கடைசியில் ஏதாவது க்ரீம் எழுதி வாங்கலாம் என்று அல்சூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கன்னடக்காரர். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். மகளின் காலரை விலக்கி ஒரு பார்வை பார்த்தவர், க்ரீமைப் பற்றிப் பேசாமல் வேறொன்று கேட்டார்.

"உங்க மனெயில, வீட்டுல, யார் யாருக்கு சுகர் இருக்கு?"

கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல வரிசையாகச் சொன்னேன். என் அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கு உண்டு, மாமனாருக்கு உண்டு, சித்தப்பாக்கள் மூன்று பேருக்கும் உண்டு. "ரெண்டு பக்கமும் இருக்கு டாக்டர்," என்றபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

"இது அழுக்கு இல்லம்மா," என்றார். "தேய்ச்சாப் போகாது. உடம்புக்குள்ள இன்சுலின் ஓவர்டைம் வேலை பார்க்குது. அது வெளியில காட்டுற அடையாளம் இது."

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சுகர் இல்லை. ஆனால் வாசற்படியில் வந்து நிற்கிறது, இப்போதே விழித்துக்கொண்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். என் அப்பாவின் இடது கால் கட்டைவிரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். அந்தக் கட்டுத் துணியின் வாசனை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் பிள்ளை அந்த வரிசையில் போய் நிற்பாளா?

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க," என்றார் டாக்டரம்மா. "இவளுக்கு மட்டும் தனிச் சமையல், தனித் தட்டு, அதெல்லாம் பேடா, வேண்டாம். நீங்க பூரி தின்னுக்கிட்டு இவளுக்கு மட்டும் கஞ்சி ஊத்தினா, இவ ஒளிஞ்சு தின்னக் கத்துக்குவா. மாறினா மொத்த மனெயும் மாறணும்."

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன். சட்டம் போடுவதில் எனக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். ராத்திரி இனி சப்பாத்தி. சர்க்கரை டப்பா பரணுக்குப் போகிறது. ஞாயிறு சாயங்காலம் மூன்று பேரும் அல்சூர் ஏரி பக்கம் நடக்கிறோம். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர். கம்பெனி கேபில் உட்கார்ந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து, கேபில் உட்கார்ந்து வருபவர். "நடக்கிறதா? எங்கருந்து எங்க?" என்று கவலையோடு கேட்டார்.

மாவரைக்கும் கடைக்கு முழுக் கோதுமை போனது. நாலு நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள பருப்பு. முதல் நாள் எல்லோரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தோம். கை கழுவப் போன என் வீட்டுக்காரர் பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"டிபன் ஆச்சு. சாப்பாடு?"

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நாங்கள் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்கள். சோறு வயிற்றில் விழுந்தால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. வெறும் சப்பாத்தியோடு படுத்தால் பட்டினி போட்ட பாவம் வந்து சேரும். ஆகவே ஒரு கரண்டி ரசம் சோறு போட்டேன். ரசம் போட்டால் மோர் வேண்டும், மோர் போட்டால் இன்னும் ஒரு கரண்டி சோறு வேண்டும். ஒரு வாரத்தில் நாலு சப்பாத்தியும் முழுச் சாப்பாடும் எங்கள் வீட்டு ராத்திரி வழக்கமாகிவிட்டது. இத்தனை ஆரோக்கியமாக நாங்கள் இதற்கு முன் இருந்ததே இல்லை என்று எல்லோரும் நம்பினோம்.

கீழ்வீட்டுக் கன்னட ஆன்ட்டி, ராகி நல்லது என்று களி உருண்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். முத்தே என்பார்கள். மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். என் வீட்டுக்காரர் மென்றார். மென்றது பல்லில் ஒட்டிக்கொண்டு, ஆபீஸ் போன் வந்தபோது பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தலையாட்டல் எப்படிக் கேட்கும்? மறுநாள் முதல் ராகியைக் கூழாகக் காய்ச்சினேன். இறங்குவதற்கு வெல்லம் போட்டேன். சர்க்கரைதானே கூடாது என்றார்கள், வெல்லத்தை யார் சொன்னார்கள்?

அல்சூர் ஏரி நடை இன்னும் மேல். வெயில் தாழ நாங்கள் நடந்து முடிக்கும் நேரமும், திரும்பும் வழியிலுள்ள பேக்கரியில் கார பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரமும் ஒன்று. "இவ்வளவு எரிச்சிருக்கோமே, கொஞ்சம் ரொப்பலாம்," என்பார் என் வீட்டுக்காரர். மகள் முதலில் வேண்டாம் என்பாள். நாங்கள் இரண்டு பேரும் தின்பதை ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அவளும் ஒன்று கேட்பாள். நடந்து எரித்ததைவிட அதிகமாகத் தின்றுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினோம்.

மூன்று மாசம் கழித்து டாக்டரம்மாவிடம் மூன்று பேருமாகப் போனோம். பரிசு வாங்கப் போவது போல நான் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மகளை எடை மிஷினில் ஏற்றினார்கள். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சப்பாத்தி டாக்டர். ஆளுக்கு நாலு," என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

"ஆமேலே? அப்புறம்?"

"அப்புறம் சாப்பாடு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப சப்பாத்தி என்ன?"

"அது டிபன் டாக்டர்," என்றோம் நானும் அவரும் ஒரே குரலில்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "எங்க மனெயிலயும் இதே கதெதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு நடுவில் கோடு கிழித்தார். பாதித் தட்டு காய். மிச்சத்தில் பாதி பருப்போ முட்டையோ சுண்டலோ. கடைசியாக மீதி இருக்கும் கால் தட்டில் சோறு, சப்பாத்தி, ராகி மூன்றில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று. ராகிக் கூழில் வெல்லம் போடுவதைச் சொன்னேன்; வெல்லமும் சர்க்கரையும் அண்ணன் தம்பிதான் என்றார். "உங்க தட்டும் இப்படித்தான் இருக்கணும்," என்று என் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு சாப்பிடுறீங்க?"

"நான் என்ன டாக்டர், ஏதோ கடைசியில இருக்கிறத."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா பழையபடியே ரெண்டு டம்ளர் அரிசி போடுறாங்க டாக்டர். நாலு சப்பாத்திக்கு அப்புறம் அப்பாவாலயும் என்னாலயும் முன்னாடி அளவுக்கு சோறு சாப்பிட முடியல. மீந்தது எல்லாம் அம்மா சாப்பிடுறாங்க. சட்டியிலயே போட்டுப் பிசைஞ்சு."

"தூக்கிப் போடச் சொல்றியா?" என்றேன். "அன்னம்டி அது."

"அப்புறம், அம்மா கழுத்தும் என் கழுத்து மாதிரித்தான் இருக்குது," என்றாள். "கேட்டா தாலிச் செயின் உரசி கறுத்துடுச்சுன்னு சொல்றாங்க."

"செயின்தான் டாக்டர்," என்று அவசரமாகச் சொன்னேன். "கல்யாணம் ஆனதுலருந்து கழட்டினதே இல்ல. கறுக்காம என்ன பண்ணும்? என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது."

டாக்டரம்மா எழுந்து வந்து என் கொண்டையைத் தூக்கி, செயினை ஒரு விரலால் விலக்கினார். செயின் நூல் மாதிரி மெல்லியது. கறுப்புப் பட்டை மூன்று விரல் அகலம் என்று என் மகள் அளந்து சொன்னாள். என் அம்மாவுக்கு எத்தனை வருஷமாக சுகர் என்று டாக்டரம்மா கேட்டார். நான் செயினை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது என்பார்கள். எனக்குக் கழுத்தே தெரியவில்லை.

என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வாங்க மறுபடி மூன்று பேருமாகப் போனோம்; மகளைவிட நான் சுகரின் வாசலுக்கு இன்னும் நெருங்கி நின்றேன். காலர் பார்த்து, நகம் பார்த்து, ஊர்ப் பிள்ளைகளின் காது மடலெல்லாம் பார்த்த டீச்சர், பிள்ளை பெற்ற பிறகு தன் ரத்தத்தை ஒரு தடவைகூடப் பரிசோதித்துப் பார்த்ததில்லை. "பயப்பட வேண்டாம், அம்மாவும் மகளும் சேர்ந்தே திரும்பி வரலாம்," என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளிக்கப் போனபோது, பாத்ரூம் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பீர்க்கங்காய் நார்.

"உட்காரு," என்றாள், ஸ்டூலைக் காட்டி.

"எதுக்குடி?"

"உன் கழுத்துல அழுக்கு. தேய்க்கணும்."

ஹாலில் என் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. போகட்டும், பிள்ளையின் விளையாட்டு என்று செயினைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். முதலில் சும்மா தடவினாள். பிறகு அழுத்தித் தேய்த்தாள். நார் என்றால் நார்தானே, சுரீர் என்றது.

"ஏய், எரியுதுடி."

"எரியட்டும். ஒழுங்கா குளிச்சிருந்தா இப்ப எரியுமா?"

என் குரல், என் ஏற்ற இறக்கம், அப்படியே.

"தெனமும் குளிக்கிறேன்டி," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கு உறைத்தது. ஒரு வருஷம், அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், இதே ஸ்டூலில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் காதில் வாங்கவில்லை.

அவள் கை நின்றுவிட்டது. என் தோள் குலுங்கியதைப் பார்த்திருப்பாள்.

"மன்னிச்சிடுடி," என்றேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒருவரிடம் ஒருவர் அதைச் சொல்ல வைப்பேன். நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவள் ஒரு மக்கு வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக என் கழுத்தில் ஊற்றினாள். நாரைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள். செயினைத் திரும்ப என் கழுத்தில் போட்டு, கொக்கியைப் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டாள்.

"சீக்கிரம் குளிச்சிட்டு வா," என்றாள் கதவுக்கு வெளியே போய். "அரிசி நானே கழுவி வெச்சிட்டேன். ஒரு டம்ளர்தான். உனக்கு மிச்சம் இருக்காது, எங்ககூட உட்கார்ந்து சாப்பிடு."