சோரியாங்குப்பத்துலேர்ந்து பெங்களூரு... மூணு ஸ்டாப்

எலுமிச்சம்பழத்த நகத்தால கீறினா ஒரு வாசன வருமே... அது மூக்குல ஏறினா இப்பவும் எனக்கு அம்மாவும் சேகர் அண்ணனோட சுமோவும்தான் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கு வண்டி ஆகாது. மதகடிப்பட்டு தாண்டறதுக்குள்ள ரெண்டு பழம் காலி.

பன்னெண்டு வருஷம் முன்ன. பெங்களூர்ல எனக்கு முதல் வேல கெடச்சிருந்தது. பொண்ணு தனியா அவ்ளோ தூரம் போறதா? தெருவே பேசுச்சு. அம்மா வேணவே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அப்பா மட்டும் பாதி சம்மதம்.

"இட்டுகினு போறேன். போற வழி, தங்கற எடம், எல்லாம் பாப்பேன். மனசு ஒப்பலன்னா அதே வண்டில திருப்பி இட்டுகினு வந்துடுவேன். அப்புறம் அழக்கூடாது, சொல்டேன்."

ஆக, போற வழியும் பரீட்சையில சேத்தி.

அதனால எங்கெங்க வண்டிய நிறுத்தணும்னு நானே பிளான் போட்டேன். மத்தவங்க ட்ரிப் பிளான்னா வியூ பாப்பாங்க, நல்ல ஹோட்டல் பாப்பாங்க. நான் அப்பா மனசு எந்த எடத்துல திரும்பிடுமோன்னு பாத்து பாத்து போட்டேன்.

அம்மாவுக்கு திருவண்ணாமலை. அதுல குழப்பமே இல்ல. அப்பாவுக்குதான் கோயில் குளமெல்லாம் ஒத்து வராது. அவருக்கு தெரிஞ்சதெல்லாம் தண்ணி. பாண்டி பக்கம், தென்பெண்ணையோட கடைமடை எங்க சோரியாங்குப்பம். மேலேர்ந்து தண்ணி வருமா வராதான்னு பாத்து பாத்தே பாதி ஆயுசு போன மனுஷன்.

ஒரு நாள் ப்ரௌசிங் சென்டர்ல மேப்ப பெருசாக்கி பாத்துட்டு இருந்தேன். எங்க ஆத்தோட நீலக் கோடு அப்படியே மேற்கால ஏறி சாத்தனூர், கிருஷ்ணகிரி, ஓசூர்னு பெங்களூர் பக்கமே போய் நிக்குது! அடிச்சது லக்குன்னு வூட்டுக்கு ஓடி வந்தேன்.

"அப்பா, நான் ஒண்ணும் வேத்தூருக்குப் போகல. நம்ம தண்ணி எங்கேர்ந்து வருதோ அங்கதான் போறேன்."

மறுநாளே அப்பா சேகர் அண்ணன்கிட்ட வண்டி சொல்லிட்டார்.

பாண்டில டீசல் வெல கம்மி, அதனால பார்டர் தாண்டறதுக்குள்ள டேங்க் ஃபுல் பண்ணோம். பாண்டிக்காரங்களுக்கு அது சாமி கும்புட்டு கெளம்பற மாதிரி.

திருவண்ணாமலையில அம்மா கண்ண மூடி ரொம்ப நேரம் நின்னாங்க. என் வேலைக்காக வேண்டினாங்களா, வேல போகணும்னு வேண்டினாங்களா... இன்னி வரைக்கும் கேக்கல.

அடுத்து சாத்தனூர் அணை. பார்க்கு, முதலைங்க... எதையும் அப்பா திரும்பிக்கூட பாக்கல. நேரா அங்க நின்னிருந்த ஒரு ஊழியர்கிட்ட போயிட்டார்.

"எத்தினி அடி நிக்குது சார்?"

ரெண்டு பேரும் நல்லாதான் பேசிட்டு இருந்தாங்க. கடைசில அப்பா சிரிச்சுக்கினே, "தொறந்தீங்கன்னா எங்க சோரியாங்குப்பத்துக்கு ஒரு ஃபோன் போடு சார்"னார்.

"அது எங்க இருக்கு?"ன்னு கேட்டார் அவர். பாவம், சாதாரணமாதான் கேட்டார்.

அப்பா முகம் சுண்டிப் போச்சு. விறுவிறுன்னு போய் வண்டியில ஏறிட்டார். சரி, மூணாவது ஸ்டாப் காப்பாத்திடும்னு தைரியம் சொல்லிக்கிட்டேன்.

மூணாவது, ஓசூர் கிட்ட ஒரு அணை. நான் மேப்புல மட்டும் பாத்து குறிச்சு வச்ச எடம்.

எறங்கினா... நொர. வெள்ள வெளேர்னு, ஆள் உசரத்துக்கு நொர. காத்துல பிஞ்சு பிஞ்சு ரோட்டுக்கு பறந்து வருது. நாத்தம் வேற. அம்மா மூக்குலேர்ந்து எலுமிச்சம்பழத்த எடுக்கவே இல்ல.

"இதான் நம்ம தண்ணியா?"ன்னார் அப்பா.

நம்ம தண்ணி, நம்ம தண்ணின்னு அவ்ளோ பேசினதும் நான்தானே.

"இத்த பாத்துட்டுமா புள்ளைய வுடப் போற?"ன்னாங்க அம்மா.

சேகர் அண்ணன் மெதுவா, "இன்னா மாமா... திருப்பவா?"ன்னு கேட்டார்.

அப்பா கரையிலயே நின்னார். என் கண்ணு ரொம்பிடுச்சு. அழக்கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு, அதனால வேற பக்கம் பாத்துட்டு நின்னேன்.

"சாத்தனூர்ல நம்ம ஊரு பேரே தெரில. இங்க இன்னாத்த கலக்கறானுங்கன்னு நமக்குத் தெரில. மேல நமக்குன்னு ஒரு நாதி கெடையாது. ஒருத்தியாவது இருக்கட்டும். எடு சேகரு"ன்னார் அப்பா.

"எந்தப் பக்கம் மாமா?"

"பெங்களூருக்குதான்டா. பின்ன இன்னா, பாதில வுட்டுட்டா போவ?"

...

இப்பல்லாம் பெங்களூர்லேர்ந்து ஊருக்கு ஆறு மணி நேரம். பைபாஸ்ல ஏறினா ஊர் பேரே கண்ணுல படாது. ஸ்டாப் பிளான் பண்றது என் எட்டு வயசு பொண்ணுதான். ஒரு பர்கர் கடை, ஒரு க்ளீன் டாய்லெட், முடிஞ்சது. ஆத்துப் பாலம் மேல வண்டி போறப்போ அவ ஃபோன பாத்துட்டு இருப்பா. நானும் பல தடவ அப்படித்தான்.

ஒரு வருஷம் ஆத்துல பெரிய வெள்ளம். எங்க தெரு வரைக்கும் தண்ணி. கதிர் வந்த நெல்லு மொத்தம் முங்கிடுச்சு. அதுக்கு முன்ன இங்க பெங்களூர்லயும் நல்ல மழதான். நான் ஏசி ரூம்ல மீட்டிங்ல இருந்தேன், ஜன்னல்கூட பாக்கல, ஊருக்கு ஒரு ஃபோனும் போடல. இங்க பெய்யற மழை மட்டுமே அங்க வயல முக்கிடாது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் மேல இருக்கட்டும்னு அவர் வுட்ட ஆளு நான்தானே... அது இன்னும் உறுத்துது.

அதுலேர்ந்து இங்க நாலு தூறல் போட்டாலும் ஃபோன் பண்ணிடுவேன். நேத்து சாயங்காலமும் பண்ணேன்.

"அப்பா, இங்க மழை."

"சரிம்மா. தண்ணி வந்தா நாங்க பாத்துக்கறோம். நீ நனையாம வூட்டுக்குப் போ."