உறையூர்க் கிணற்றுப் பலகை

எங்கள் தெருக்கோடிக் கிணற்றடியில் சாயங்காலமானால் பிச்சமுத்து நிற்பான். குடத்தோடு வருகிறவர்களை மறித்து, "பலகையில என்னங்க எழுதியிருக்கு?" என்பான். அங்கே பலகையே கிடையாது. புதிதாகக் குடிவந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவனைப் பைத்தியம் என்று எவளாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் என்னோடு படித்தவன்.

படித்தான் என்பதே பொய். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது" என்பான். பாவி வாத்தியார் பிரம்பு ஒடிய அடித்தார்; எறும்பு நிற்கவில்லை. நாங்கள் வாசிப்பதைக் காதால் வாங்கிக்கொண்டு, வீட்டில் புத்தகத்தை விரித்து, விரல் ஓட்டிக் கடகடவென்று ஒப்பிப்பான். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிப் பிழைத்த அவன் அம்மா மயிலம்மாள் பூரித்துப்போவாள். "எம்புள்ள படிக்கிறான்ல!" என்று தெருவுக்கே சொல்வாள்.

இருபது வருஷம் முந்தி, காவிரி வெள்ளம் வடிந்த கையோடு காலரா வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நாங்கள் மண்ணச்சநல்லூர் மாமா வீட்டுக்குப் போனோம். தெருவே காலி. போக்கிடம் இல்லாத இவர்கள் இருவர்தான் மிச்சம். பூட்டிய வீடுகளுக்குள் தறி மிதிக்கிற சத்தம் கேட்டதாக இன்றும் சத்தியம் செய்கிறான்.

ஒருநாள் காலையில் கிணற்றில் பலகை தொங்கியது.

"என்ன சாமி போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

வேறு யாரையாவது கேட்கலாம் என்றால் ஈ காக்காய் இல்லை. தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விரலை எழுத்தின்மேல் ஓட்டி, "நல்ல தண்ணி, குடிக்கலாம்னு போட்டிருக்கும்மா" என்றான். அவள் அவனுக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, இறைத்து வயிறு நிறையக் குடித்தாள். அவனும்தான் குடித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டொரு நாளில், மருந்து தெளிக்க வந்த ஆள் துவண்டு கிடந்தவளைப் பார்த்துக் கத்தினான். "குடிக்காதேன்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

அவளுக்குக் குரலே போயிருந்தது. ஆனாலும் சொன்னாள்: "எம்புள்ள படிச்சுத்தான் சொன்னான். பலகையிலதான் தப்பா எழுதிட்டாங்க."

அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நேற்று என்னையும் மறித்தான். எத்தனை நாள்தான் "போடா"வென்று விரட்டுவது? "குடிக்காதேன்னு எழுதியிருக்குப்பா" என்றேன்.

தலையாட்டினான். கிணற்றுக்குள் குனிந்து, யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, சரியாத்தான் எழுதியிருக்காங்களாம்."