மாந்தோப்பில் நடந்த பட்டமளிப்பு

கல்யாணமாகி நான் மத்திகிரிக்கு வந்த புதிதில், காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. பனி அதை எடுத்துக்கொண்டு போயிருக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். முதலில் ஓட்டுக் கூரை தெரியும், வெகுநேரம் கழித்து வாசலில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டி தெரியும். என் கணவர் அங்கிருந்த அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்பே போய்விடுவார். சென்னைப்பட்டணத்தின் கடற்கரையோரக் கல்லூரியில் பி.ஏ. படித்து முடித்த கையோடு வந்த எனக்கு, பேசுவதற்குக் கன்றுக்குட்டியைத் தவிர அந்த நேரத்தில் யாருமில்லை. அதற்கும் கன்னடம்தான் புரியும் என்பார் அவர்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் சொன்னார்.

"உன்னை மாதிரி ஆளுங்க சேர்ந்து கிருஷ்ணகிரியில ஒரு சங்கம் வெச்சிருக்காங்களாம். போய்ப் பார்க்கலாமா?"

"என்னை மாதிரின்னா?"

"பட்டம் வாங்கினவங்க. உங்க பல்கலைக்கழகத்துப் பழைய மாணவருங்க. எனக்கு டிப்ளமாதானே, உள்ள விட மாட்டாங்க. துணைக்கு வரேன்."

அப்படித்தான் நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மலையைப் பார்த்த சன்னலோடு ஒரு நீளமான அறை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவார்கள். ஊரில் அதற்கு 'பி.ஏ. கிளப்பு' என்று பெயர். கிளப்பு என்றால் அந்நாளில் காபி கிளப்புத்தான். சந்தைக்கு வந்தவர்கள் சிலர் மாடியேறி வந்து, தோசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் செயலாளரான வக்கீல், அப்படி வந்தவர்களை ஒருபோதும் சும்மா அனுப்பியதில்லை. உட்கார வைத்து, எங்கள் ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பார்.

அங்கே என்ன செய்தோம் என்று இப்போது நினைத்தால், பெரும்பாலும் பேசினோம் என்றுதான் ஞாபகம் வருகிறது. யாராவது ஒருவர் ஏதாவது தலைப்பில் அரை மணி பேசுவார். தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்குப் போய், கோபம் வந்தால் தெலுங்கிலோ கன்னடத்திலோ முடியும். மாநிலங்களுக்கு எல்லை பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சொல்வார்கள். பிறகு பத்திரிகைகளை மாற்றிக்கொள்வோம். கீழே இருந்த காலி மனையில் ஆண்கள் பூப்பந்து ஆடுவார்கள். டிப்ளமாக்காரரான என் கணவர்தான் அதில் ஜெயிப்பார். 'உறுப்பினரின் கணவர்' என்று அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

எந்தப் பேச்சானாலும் கடைசியில் பட்டமளிப்பு விழாவில் வந்து நிற்கும். எந்த வருஷம், யார் பிரசங்கம் செய்தார், கறுப்பு அங்கிக்குள் எப்படி வியர்த்தது என்று ஆளுக்கு ஆள் சொல்லுவார்கள். அப்போதெல்லாம் நாகரசம்பட்டியிலிருந்து வரும் தோட்டக்காரர் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஐம்பது வயதிருக்கும். மாந்தோப்பும் கேழ்வரகுக் காடும் வைத்திருந்த விவசாயி. கறுத்த, உயர்ந்த உருவம், முழங்கால்வரை ஏற்றிய வேட்டி. மற்ற நேரமெல்லாம் வாயே திறக்காதவர், அப்போது மட்டும் கேள்வி கேட்பார். எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அங்கி கனமாக இருந்ததா என்றெல்லாம் கேட்பார். போன மாதம் கேட்டதையே இந்த மாதமும் கேட்பார். எங்களுக்கும் சொல்லச் சலிக்காது.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் அவரிடம் எதேச்சையாகக் கேட்டார்.

"எல்லாரையும் கேக்கறீங்க. உங்க விழா எந்த வருஷம்? சொன்னதே இல்லையே."

தோட்டக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "நான் போவலைங்க" என்றார். "பாஸ் பண்ணிட்டன். பட்டம் தபால்ல வந்துது."

"ஏன் போகலை?"

"போவணும்னுதான் டேசன் வரைக்கும் போனன். அப்பல்லாம் இங்கிருந்து திருப்பத்தூருக்குச் சின்ன ரயிலு ஓடிக்கினு இருந்துது. அதுல ஏறி உக்காந்துட்டன். அந்த வருசம் மழையே இல்லைங்க. புதுசா மாங்கன்னு வெச்சிருந்தோம். குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்தித்தான் காப்பாத்திக்கினு இருந்தோம். நாலு நாள் நான் இல்லைன்னா யாரு ஊத்துவாங்கன்னு நெனச்சன். எறங்கி வந்துட்டன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் கேட்ட கேள்விகள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கின.

அன்று திரும்பி வரும் பேருந்தில் என் கணவர்தான் சொன்னார். "உங்களுக்குள்ளயே ஒரு விழா நடத்தினா என்ன? பட்டம் குடுக்கறதுக்குப் பட்டணம்தான் வேணுமா?" அடுத்த கூட்டத்தில் நான் அதைச் சொன்னபோது, எல்லாரும் இதற்காகவே காத்திருந்ததுபோல ஒப்புக்கொண்டார்கள். தோட்டக்காரர் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "என்னாத்துக்குங்க இதெல்லாம்" என்றார் இரண்டு மூன்று தரம். வேண்டாம் என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

மாம்பழக் காலத்தில், அவருடைய தோப்பிலேயே, அன்று குடத்துத் தண்ணீரில் பிழைத்த அந்த மரங்களின் கீழேயே நடத்துவது என்று முடிவானது. ஓசூரில் குளிர்ச்சிக்காக வீடு கட்டிக்கொண்டு இருந்த ஓய்வுபெற்ற முன்சீப்தான் எங்கள் தலைவர். பட்டம் வழங்குகிறவர் சொல்லவேண்டிய இங்கிலீஷ் வாசகங்கள் அவருக்கு மனப்பாடம். வக்கீல் தன்னுடைய கோர்ட்டு அங்கியைத் தருவதாகச் சொன்னார். அங்கிக்கு மேல் தோளிலிருந்து முதுகில் தொங்கும் பட்டுத் துணியைத் தைப்பது என் பொறுப்பு.

அதற்காக நானும் என் கணவரும் முதல் நாளே நாகரசம்பட்டிக்குப் போய்விட்டோம். தோட்டக்காரரின் மனைவி எங்களுக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். தெலுங்கு வீட்டுப் பெண். தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மெதுவாக இறக்கி வைப்பார். மத்தியானம் கிணற்றடியில் புளியமர நிழலில் உட்கார்ந்து, நான் கொண்டுபோயிருந்த நீலப்பட்டுக்கு ஓரம் அடித்தோம். துணியை அவர் பிடித்துக்கொள்ள நான் தைத்தேன்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார். அவர் கணவர் வீட்டில் எதையும் விளக்கிச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் ரயிலிலிருந்து இறங்கி வந்த கதையைச் சொன்னேன்.

அவர் கை துணியைப் பிடித்தபடியே நின்றது. "அந்த வருசந்தான் நான் இந்த வூட்டுக்கு வந்தன். நானும்தான் தண்ணி ஊத்தினன்" என்றார். துணியின் மடிப்பை நீவிக்கொண்டே, "அவுரு பட்டணம் போவலைன்னு எனக்குத் தெரியும். போவணும்னு இருந்துச்சுன்னு தெரியாது" என்றார்.

தையலைத் தொடர்ந்தேன். பிறகு அவர் ஊசியைக் கேட்டு வாங்கி, மிச்சமிருந்த ஓரத்தைத் தானே அடித்தார். என் தையலைவிட நெருக்கமாக, ஒரு பொட்டு நூல் வெளியே தெரியாமல்.

அன்று சாயங்காலம் கோடை மழை அடித்தது. காற்றில் விழும் காய்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் தோப்பு நனைந்து, அசையாமல், வேறெங்கோ இருக்கிற இடம்போல நின்றது. ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டு. மண்ணிலிருந்து ஆவி எழுந்து அடிமரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்குள் செந்தூராப் பழங்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நடந்தேன். என் வயதையோ, வந்த ஊரையோ கேட்டால்கூட அந்த நேரத்தில் உடனே சொல்லியிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

வக்கீலும் மற்றவர்களும் கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார்கள். தலைவர் வரவில்லை.

"சானமாவுக் காட்டுல மரம் சாஞ்சு ரோட்ல கெடக்குதாம்" என்றார் வக்கீல். "ஓசூர் பஸ் எதுவும் வரலை. டிரைவருங்க சொன்னாங்க."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குமேல் தோட்டக்காரரை அங்கியோடு உட்கார வைத்திருக்க முடியவில்லை. வக்கீல் தன் நினைவிலிருந்து வாசகங்களைச் சொல்லிப் பார்த்தார். கோர்ட்டில் சாட்சிக்குச் செய்துவைக்கும் சத்தியமாக அது மாறிவிட்டது. மற்றவர்களுக்கு எல்லாம் படித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பட்டமளிப்பு நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

"என்னால முடியாதுங்க" என்றேன். "அவர் எவ்வளவு பெரியவர். நான் எப்படி அவருக்குக் கொடுக்கிறது?"

தோட்டக்காரர் எழுந்து வந்தார். "பட்டம் குடுக்கறவங்களுக்கு வயசு பாக்கறாங்களாம்மா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

என் கணவர் தோட்டக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கருங்காலி நாற்காலி ஒன்றை மரத்தடியில் போட்டார். நான் அதன் முன்னால் நின்றேன். எதிரில் அவர். வேட்டிக்கு மேல் வக்கீலின் கறுப்பு அங்கி, அதற்கு மேல் நாங்கள் தைத்த நீலம். சீவியிருந்த தலைமுடியில் மாவிலையிலிருந்து ஒரு துளி விழுந்து உருண்டது. அவர் துடைக்கவில்லை.

நான் இங்கிலீஷில் கேள்விகளைக் கேட்டேன். இந்தப் பட்டத்துக்கு ஏற்றபடி வாழ்வீர்களா, கற்றதை நல்லதற்குப் பயன்படுத்துவீர்களா என்பதுபோன்ற கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் அவர் இங்கிலீஷிலேயே, மிகவும் தாழ்ந்த குரலில், சம்மதம் சொன்னார். அந்த இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் பழக்கமில்லாதது. எவ்வளவோ வருஷமாக எடுக்காமல் வைத்திருந்த குரல். பாதி வழியில் எனக்கு வாசகம் மறந்துபோனது. மனசு வெறுமையாகிவிட்டது. மரத்தின் மேலே யாரோ பழம் பறிக்கக் காம்பு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. தமிழில் சொன்னேன்.

"நீங்க படிச்சீங்க, பாஸ் பண்ணினீங்க. இது உங்களோடது. எடுத்துக்குங்க."

வக்கீல் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். தோட்டக்காரரின் மனைவி என் காதருகில், "ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆயிடுச்சு என்றேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பட்டமளிப்பு என்றால் ஊர்வலம் உண்டு என்று நாங்கள்தான் அவருக்கு மாதாமாதம் சொல்லியிருந்தோம். அவர் தனியாக, இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவில், மெதுவாக நடக்க ஆரம்பித்தார். நாங்கள் எழுந்து நின்றோம். ஆவி இன்னும் முழுதும் கலையவில்லை. அங்கி காற்றில் விரிந்து, ஒரு பெரிய கறுப்புப் பறவை தரையோடு போவதுபோல் இருந்தது. பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தொரை வக்கீல் ஆயிட்டாரா என்று ஒருத்தி தெலுங்கில் கேட்டாள். கிணறு வரைக்கும் போய், அதைச் சுற்றி, திரும்பி வந்தார். கண்கள் நனைந்திருந்தன.

"கனமா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தன்" என்றார். "ஒண்ணுமேயில்லை."

அவர் மனைவி கிட்டே போய், நடந்ததில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த நீலப்பட்டைத் தோளில் நேராக்கிவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவர் கணவரைத் தொட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாப்பாடு முடிந்து, மல்கோவாவை அரிந்து வைத்துக்கொண்டிருந்தபோது தலைவர் வந்து சேர்ந்தார். புளி ஏற்றிய லாரி ஒன்றில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார். தலைப்பாகை நனைந்து தொய்ந்திருந்தது. விழா முடிந்துவிட்டது என்றதும் குழந்தைபோல முகம் வாடிவிட்டது.

"மரத்த அறுத்துத் தள்ளற வரைக்கும் காட்டுக்குள்ள நின்னு வாசகத்தச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னொரு தரம் முறையா நடத்திடலாமே" என்றார்.

தோட்டக்காரர் கையிலிருந்த தட்டை அவர் முன்னால் வைத்தார். "ஒருத்தனுக்கு ஒரு பட்டம் போதுங்க. நீங்க பழம் சாப்பிடுங்க" என்றார். தலைவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் கழித்து என் கணவருக்குத் தெற்கே மாற்றலானது. அந்தச் சங்கம் பிறகு எப்படிக் கலைந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நாங்கள் பேருந்தில் கடந்த கொள்ளுக்காடுகளில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது விழாவுக்கு அடுத்த மாதக் கூட்டம்.

அன்றைக்கு யாரோ வழக்கம்போலப் பட்டமளிப்புக் கதை ஒன்றை ஆரம்பித்தார். தோட்டக்காரர் நாற்காலியை முன்னால் இழுக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. கதை முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா" என்றார். நாங்கள் அவர் பக்கம் திரும்பினோம்.

பட்டணத்துக்குப் படிக்கப் போன முதல் நாள், இருட்டோடு எழுந்து, வழி கேட்டுக் கேட்டுக் கடலைப் பார்க்கப் போனாராம். ஏரியைவிடப் பெரியதாக இருக்கும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாராம். மணலில் ஏறி நின்று பார்த்தபோது, எதிர்க்கரை எங்கே என்று தேடினாராம். வெயில் வரும், பனி விலகும், எதிர்க்கரை தெரியும் என்று மணலில் உட்கார்ந்து, காலேஜுக்கு நேரமானதுகூடத் தெரியாமல் காத்திருந்தாராம். அவர் சொல்லிக்கொண்டே போனார். சன்னலுக்கு வெளியே மலை மங்கிக்கொண்டு வந்தது. விளக்கேற்ற எழுந்த வக்கீல், தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.