அண்ணனின் கையுறைகளுக்கு அடியில்

எங்கள் அன்பு அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும், அண்ணனோடு மைதானத்தில் நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் இந்த நினைவு மலர்க் கட்டுரையை என்னிடம் விட்டார்கள். அந்தப் படிப்பும் அண்ணன் தந்ததுதான். எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன். சொல்லத் தகாதது ஏதும் இதில் இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில், ஆற்றோரத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய காம்பரா அறைகளில் ஒன்றில். மரம் விழுந்து அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். பிறகு தொழிற்சாலைக்கு விறகு இறக்கும் வேலை. லொறியின் மேலே நிற்பவர் கட்டைகளை வீசுவார். கீழே நிற்பவர்கள் விலகிக்கொண்டு, விழுந்த பிறகு எடுத்து அடுக்குவார்கள். அண்ணன் மட்டும் விலக மாட்டார். வரும் கட்டையை இரண்டு கையாலும் வாங்கி, அந்த வேகத்திலேயே அடுக்கில் வைப்பார். நாடு சுதந்திரம் பெற்ற வருடம், தோட்ட அதிகாரியான சின்ன துரை ஒருவர் இதை நின்று பார்த்துவிட்டு, மறுநாள் மைதானத்துக்கு வரச் சொன்னார். தோட்டத்துக் கிரிக்கெட் அணியில் பந்தடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்த வெள்ளைக்காரர் அப்போதுதான் தம் நாட்டுக்குக் கப்பலேறியிருந்தார். அந்த இடத்தில் அண்ணனை வைத்தார்கள். தொழிற்சாலையில் நிரந்தர வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தச் சம்பளம் தேயிலைக்கு அல்ல, பந்துக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

லயத்தில் கேலிக்குக் குறைவில்லை. ஒருநாள் பீலிக்கரையில் எங்கள் மாமா, "என்னா மாப்புள, தொர பின்னாடி குந்தியிருக்கிறதுக்கா ஒனக்குப் பேரு போட்டுச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றார்.

"குந்துறதுக்குச் சம்பளம்னா நீங்களும் வாங்க மாமா. நீங்கதான் காலையில ஆத்தோரம் தெனம் பழகுறீங்களே" என்றார் அண்ணன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நினைவு மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அண்ணன் போன பிறகு மாமாவே இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். அதனால் எழுதிவிட்டேன்.

அண்ணன் பதினாறு வருடங்களுக்கும் மேலாக ஆடினார். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா என்று எங்கே போட்டி நடந்தாலும் லொறி வந்து ஏற்றிப்போகும். மற்றத் தோட்டங்களும் இரவல் கேட்டு அழைத்துப்போகும். ஆட்டம் முடிந்து துரைமார் கிளப்புக்குள் போனதும், அண்ணனுக்குத் தேநீர் வெளியே, சமையல் நடக்கும் குசினியின் படியில் வரும். குடித்துவிட்டு லொறியில் ஏறிக்கொள்வார். ஒருமுறை கொழும்புக்குப் போகும் அணியில் அவரைச் சேர்க்க விரும்பினார்கள். பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டார்கள். தோட்டத்து ஆட்கள் பெரும்பாலோரைப் போல அவருக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து, "மழையாம், ஆட்டம் இல்லையாம்" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மை எங்களுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அண்ணனின் விரல்களில் உடையாத விரல் கிடையாது. அம்மா ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பத்துப் போட்டுத் துணியால் கட்டுவார். கையுறைக்குள் போடுவதற்கு, கொழுந்தெடுக்கும்போது அம்மா போர்த்திக் கிழிந்துபோன கம்பளியை வெட்டி, நான் உள்ளுறை தைத்துக் கொடுப்பேன். அதைப் போட்டுக்கொண்டு கையை விரித்து மூடிப் பார்ப்பார். "அம்மா கையைப் புடிச்சிருக்க மாதிரி இருக்கு பாப்பா" என்பார்.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை என்னையும் ஹட்டனுக்கு அழைத்துப்போனார். மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. மேட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மனிதர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். பந்து உயரே போய்ப் பனிக்குள் மறைந்தது. இரண்டு பேர் அதற்காக ஓடினார்கள். ஒருவர் மைதானத்தில் எப்போதும் அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கும் அவருடைய கூட்டாளி மாணிக்கம் அண்ணன். மற்றவர் எங்கள் லொறி சாரதி, சிங்களவரான பியசேன அண்ணன். இருவருமே மேலே பார்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்போது அண்ணனின் குரல் கேட்டது: "மாணிக்கம்! ஒன்னுது! மத்தவங்க வெலகு!" பியசேன அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். மாணிக்கம் அண்ணன் பிடித்தார்.

திரும்பும்போது லொறியில், எதற்காகப் பெயர் சொல்லிக் கத்தினீர்கள் என்று கேட்டேன்.

"ஆளில்லாத எடத்துல பந்து விழுந்தா பரவால்ல பாப்பா. ரெண்டு பேருக்கு நடுவுல விழக்கூடாது. அவன் புடிப்பான்னு இவன் நிப்பான், இவன் புடிப்பான்னு அவன் நிப்பான். பின்னாடி நிக்கிற எனக்குத்தான் எல்லாரும் தெரியும். நாந்தான் பேரு சொல்லணும்."

"பேரு மாத்திச் சொல்லிட்டீங்கன்னா?"

"மாத்திச் சொன்னாலும் சொல்லிறணும்" என்றார். பியசேன அண்ணன் முன்னாலிருந்து, "நமக்கு ஒரு நாளும் பேர் சொல்றது இல்ல தங்கச்சி, எப்பவும் மாணிக்கம்தான்!" என்று கத்தினார். லொறியே சிரித்தது.

என்னைத் தலவாக்கலைக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர், பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தவர் அண்ணன்தான். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இந்த வெரலுக்கு மோதிரம் ஏறாது" என்று கையைக் காட்டுவார்.

சென்ற வருடம் மழைக்காலத்தில், தூறலில் நாள் முழுவதும் ஆடிவிட்டு வந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வந்து நின்றபோது உயிர் பிரிந்துவிட்டது. காய்ச்சலில் இருந்த நாட்களில் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி நீட்டி எதையோ வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் நிறைமாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்டே வரக்கூடாது என்று என்னைப் பக்கத்துக் காம்பராவில் இருத்திவிட்டார்கள். கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். முறைப்படி கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். கைகளை மார்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களையும் கட்டினார்கள். பிறகு மாணிக்கம் அண்ணன் கையுறைகளைக் கொண்டுவந்து, கட்டிய கைகள் மறையும்படி மேலே வைத்தார். பார்த்த எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள். அப்படி வைத்தது நன்றாகத்தான் இருந்தது. அதில் யாரையும் குறை சொல்லவில்லை.

குழிக்குள் இறக்குமுன் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவிழ்க்காவிட்டால் போகிறவர் கட்டுண்டே போவார் என்பார்கள். எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, சந்தியோடு திரும்பிவிடுகிறவர்கள். எனவே அங்கே நடந்ததை நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மகன் பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு, முதலில் சித்தப்பாவிடம் கேட்டேன்.

"காலுக்கட்ட நாந்தான் அவுத்தேன். கைக்கட்ட கைப்பக்கம் நின்னவங்க அவுத்திருப்பாங்க. கட்டோட யாரும் பொதைப்பாங்களா? என்னா புள்ள கேக்கிற!"

மாணிக்கம் அண்ணன் தலைமாட்டில் நின்றாராம். "கையுறைய எடுக்க எனக்கு மனசு வரல தங்கச்சி. பியசேன பக்கத்துல இருந்தான். அவன் அவுத்திருப்பான்" என்றார்.

பிறகு பியசேன அண்ணனிடம் கேட்டேன். "உங்க ஆளுங்க முறை நமக்குத் தெரியாது. மாணிக்கம் செய்வார்னுதான் நான் தள்ளி நின்னேன்" என்றார்.

மூவரும் மண்வெட்டிச் சத்தம் கேட்டதைச் சொன்னார்கள். முடிச்சு அவிழ்ந்ததைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு மயானத்திலும் மூடுபனியாம். பெயர் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருந்தார். அவரால் பேச முடியவில்லை.

நான் பயந்தவள் என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். மகன் தொட்டிலில் தூங்கும்போது இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து, கட்டைவிரலோடு கட்டைவிரல் ஒட்டி வைத்துக்கொள்கிறான். நான் பிரித்துவிடுகிறேன். உலையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் சேர்ந்திருக்கின்றன. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் தூங்கும் என்கிறார் அம்மா. ஆனால் சொல்லிவிட்டு, அம்மாவும் ஒருமுறை பிரித்துவிடுகிறார். மத்தியானம் பனி இறங்கி மைதானம் மறைந்தபின், அங்கிருந்து பந்து கையுறைத் தோலில் விழும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அணி கலைந்து மாதங்களாகிவிட்டன. மைதானத்தில் மாடு மேய்கிறது. எவருக்காவது கேட்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்காது என்று சொன்னாலும் பயம், கேட்கிறது என்று சொன்னாலும் பயம்.

சென்ற வாரம் கோயில் பூசாரி ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழியைத் தொடக்கூடாது என்றார். "வருசத்துக்குப் பாலு ஊத்தப் போறீங்கல்ல. குழி மேட்டுல ஒரு நூலை முடிச்சுப் போட்டு வைங்க. தூக்கிட்டுப் போனவங்கள்ல யாராவது ஒருத்தர் அத அவுத்துவிடட்டும். அவரு கைக்கட்டும் விட்டுப்போயிரும். போதும்மா."

யாராவது ஒருத்தர் என்ற அந்தச் சொல்தான் வழி நெடுக என்னோடு வந்தது.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த லயத்து மக்களுக்கும், சுமந்து சென்ற தோள்களுக்கும், கேளாமலே துணியும் அரிசியும் கொடுத்தனுப்பிய தலவாக்கலைக் கடை முதலாளி பாய் அவர்களுக்கும், மழையில் லொறியைக் கொண்டுவந்து நிறுத்திய பியசேன அண்ணனுக்கும், இம்மலரை அச்சிட உதவிய என் கணவரின் சக ஆசிரியர்களுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையோம். உங்கள் பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும்.

இம்மலர் காலையிலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். பால் ஊற்றப் போவது அதற்குப் பிறகுதான். நூலை நான் முடிந்து சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நான் சந்தியோடு நின்றுவிடுவேன். மேட்டைச் சுற்றி எல்லோரும் நிற்பீர்கள். ஒருவரையொருவர் பார்ப்பீர்கள். சரியான பெயரைத்தான் சொல்கிறேனா என்று எனக்குத் தெரியாது. மாற்றிச் சொன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றார் அண்ணன்.

மாணிக்கம் அண்ணே, ஒங்களுது. மற்றவர்கள் தயவுசெய்து விலகி நில்லுங்கள்.