அக்காவின் ரோசாத் தடிகள்

எங்கள் அக்கா பிறந்தது சாவகச்சேரியில். ரோசா வளர்க்கப் பழகியது நியூசிலாந்தின் தென்தீவில், குழாய்த் தண்ணீரும் உறைந்துபோகும் ஓர் ஊரில். கண்மூடியது ஒக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில், தங்கையான என் வீட்டில்.

தென்தீவில் அத்தானுக்கு வேலை. அக்கா முதலில் நட்ட ஒட்டு ரோசாக்கள் குளிரில் கருகிப்போயின. பிறகு ஒட்டாமல், வெட்டி ஊன்றிய தடியில் வேர்விட்ட செடிகளையே நட்டார். மேலே கருகினாலும் வேரிலிருந்து அதே ரோசா துளிர்க்கும் என்பார். அடியில் மண் அணைத்து, வைக்கோல் மூடி, உறைபனி விடும்வரை கத்தரியைத் தொடமாட்டார். அத்தான் மாரடைப்பில் போனபின், சில செடிகளை வேரோடு சாக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

அதன்பின் எங்கள் சொந்தத்தில் எந்தக் கோடைக் கல்யாணமும் அக்காவின் பூ இல்லாமல் நடந்ததில்லை. நியூ லின்னில் ஒரு கல்யாணம். பூத்தட்டோடு மண்டபத்துக்குள் போன அக்காவை, அப்பாவின் தங்கையான எங்கள் மாமி மறித்தார்.

"தட்டை இங்க தா பிள்ளை. நீ பின்னுக்குப் போய் இரு. நல்ல காரியம், குறை நினையாத."

"ஓம் மாமி" என்று அக்கா கடைசி வரிசைக்குப் போனார். பூவுக்கு இல்லாத தீட்டு, முள் கிழிக்கப் பறித்த கைக்கு எங்கிருந்து வந்தது? காரில் திரும்பும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"உறைபனியையே பார்த்திட்டன். மாமி என்ன பெரிசே? நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அடுத்த கல்யாணங்களுக்கும் பூக் கொடுத்தார். மண்டபத்துக்கு மட்டும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவின் செத்தவீட்டில் அதே மாமி என் கையைப் பிடித்தார். "அவவின்ர ஞாபகமா அந்த ரோசாவில ஒரு தடி தா பிள்ளை." கேட்டவர் அவர் மட்டும் அல்லர். ஆண்டுத் திவசத்துக்கான இந்த நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்பீர்கள். எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அக்காவை இறுதிவரை தாங்கிய தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளில் துணைநின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நீங்கள் கேட்ட தடிகள் இந்த ஓராண்டில் வேர்விட்டுவிட்டன. பின்வாசலில் சாடிகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்தில் முதல் விளக்கை ஒரு விதவை ஏற்றுவார் என்று அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். ஒன்றை எடுத்துப் போங்கள். மாமி, உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். சொல்ல முடியாதவர்கள் திவசச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். செடியில் கை வைக்க வேண்டாம்.